லாரி எங்கே தூங்கும்?

ஒரு லாரி ரோட்டுக்கு வரவேண்டுமென்றால் எத்தனை காகிதம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆர்.சி., எஃப்.சி., பர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, காலாண்டு வரி கட்டிய ரசீது. கடனில் எடுத்திருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தனி ஃபைல். டிரைவரின் லைசென்ஸ் வேறு. இத்தனையையும் வரி விடாமல் படித்தாலும் ஒரு சின்னக் கேள்வி எதிலும் கிடையாது. ஓடாத நேரத்தில் இந்த வண்டி எங்கே நிற்கும்?

ஓனரின் விலாசம் கேட்பார்கள். விலாசத்துக்கு அத்தாட்சி கேட்பார்கள். லாரியின் விலாசத்தை யாரும் கேட்பதில்லை.

நகரவாசிகளான நமக்கு பார்க்கிங் தகராறு என்றால் கார்தான். எதிர்வீட்டுக்காரர் நம் கேட்டை மறைத்து நிறுத்திவிட்டார் என்று ஆரம்பித்து, மூன்று தலைமுறைக் கதை வரைக்கும் போகும். பிறகு ஒரு தகரத்தில் 'நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று எழுதி மாட்டுவோம். (அந்தத் தகரத்துக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் இல்லை. போக்குவரத்துப் பலகை வைக்கிற அதிகாரம் அரசுக்கும், அரசு அனுமதித்தவர்களுக்கும்தான். காற்றைப் பிடுங்கினால் கேஸ் உங்கள் மேல்தான் திரும்பும்.) கிராமத்துக்கு இதே தகராறு பத்து டயரோடு வந்து சேருகிறது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் நான் சொல்வது புரியும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல், லாரிக்கும் லாரிக்கு பாடி கட்டுவதற்கும் அதே அளவு பேர்போனது. சமையல் கேஸ் ஏற்றும் டேங்கர் முதலாளிகளின் சங்கமும் அங்கேதான். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. வட இந்தியா வரைக்கும் போய் போர் போட்டுவிட்டு, மழைக்காலத்தில் வேலை குறையும்போது ஜோடி ஜோடியாக ஊர் திரும்பும். ஒன்றில் இயந்திரம், இன்னொன்றில் குழாய்கள். வானம் பார்த்த பூமி கைவிட்டபோது, மாமன் மச்சான் எல்லாம் சேர்ந்து சீட்டுப் பிடித்து, கடன் வாங்கி, ஒரு லாரியை இரண்டாக்கி வளர்ந்த ஊர்கள் இவை. அந்த உழைப்பைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. இன்று நான் பேச வந்தது அந்த லாரிகள் வீட்டுக்கு வரும் ராத்திரியைப் பற்றி.

முதலில் கணக்கு. பி.காம். படித்தவனுக்குப் பேச்சைவிடக் கணக்கு சௌகரியம்.

நம் விதிப்படி ஒரு லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். எட்டரை அடி. மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடுகிற ரோட்டில் வண்டி ஓடும் பகுதியின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். போக்குவரத்து குறைந்த இடத்தில் 3 மீட்டரே போதும் என்கிறார்கள். 3.75-லிருந்து 2.6-ஐக் கழியுங்கள். மிச்சம் 1.15 மீட்டர், நாலடிக்கும் குறைவு. ஒரு பைக் போகும். பால்கேன் கட்டிய பைக் உரசிக்கொண்டு போகும். ஏழடி அகல ஆம்புலன்ஸ் போகாது. இது ஊரை இணைக்கும் ரோட்டின் கணக்கு. ஊருக்குள்ளே நத்தத்துச் சந்துக்கு வந்தால் இந்த நாலடியும் இருக்காது.

அந்த அளவில் ரோடு போடுவதும் அரசாங்கம். அந்த அளவில் லாரி செய்ய அனுமதிப்பதும் அரசாங்கம். இரண்டு ஃபைலும் ஒரே பீரோவில் இல்லை போலிருக்கிறது.

அகலம் மட்டும் என்றால் பரவாயில்லை. காற்றில் பிரேக் பிடிக்கிற வண்டி இது. விடிகாலை நாலு மணிக்குக் கிளப்பினால் டாங்கில் ஏர் ஏறும் வரைக்கும் எஞ்சினை ஓடவிட்டு நிற்க வேண்டும். பத்து நிமிஷம் அந்தச் சத்தமும் புகையும் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகும். வண்டி திரும்பும்போது சாக்கடை மூடி உடையும், குடிதண்ணீர்க் குழாய் நசுங்கும், பேவர் பிளாக் பெயர்ந்து வரும், தாழத் தொங்கும் கேபிள் ஒயர் பாடியில் மாட்டும். இதையெல்லாம் ஊரில் யாரும் பெரிதாகப் புகார் சொல்வதில்லை. ஓட்டுவதற்கு ஒருவன் வேண்டும், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று 'வரலாம், வரலாம்' என்று குரல் கொடுக்க ஒருவன் வேண்டும். முன்பு அதற்கு கிளீனர் இருந்தான். இப்போது பல வண்டிகளில் அவன் இல்லை. சம்பளம் கட்டுபடியாகவில்லை, ஆளும் கிடைப்பதில்லை. டிரைவர் தனியாளாக, இருட்டில், கண்ணாடியை மட்டும் நம்பி, தெருவுக்குள் ரிவர்ஸ் எடுக்கிறார். பகலில் அதே லாரியின் அடியில்தான் நிழலுக்காகப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

*

சரி, சட்டம் என்ன சொல்கிறது? புத்தக விமர்சனம் எழுதுகிற மாதிரி, இந்த வாரம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி நிறுத்துவது பற்றிய பக்கங்களை மட்டும் படித்தேன். 1988-ல் வந்த சட்டம். 2019-ல் பெரிய அளவில் திருத்தினார்கள். மொழிநடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுதியவர் கிராமத்துப் பக்கம் போனதில்லை என்று சந்தேகம் வருகிறது.

122-ஆம் பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ 'தேவையற்ற சிரமமோ' வரும்படி வண்டியை நிறுத்தக்கூடாது என்கிறது. எது தேவையற்ற சிரமம்? கதவைத் திறந்தால் டயர் தெரிவது அதில் சேருமா? சட்டம் மௌனம். 1989-ல் வந்த சாலை விதிகள் கொஞ்சம் விவரமாகப் பட்டியல் போட்டன. வளைவில் கூடாது, சந்திப்பில் கூடாது, நடைபாதையில் கூடாது, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசலில் கூடாது, அடுத்தவர் வாசலை மறைத்துக் கூடாது. 2017-ல் இவற்றை எடுத்துவிட்டுப் புது விதிகள் வந்தன. அவற்றிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. படித்துப் பார்த்தால் நடைபாதை இருக்கிற, சிக்னல் இருக்கிற, கோடு போட்ட ரோடுதான் கண்ணில் வருகிறது. திண்ணையும் ரோடும் தொட்டுக்கொண்டு இருக்கிற ஒரு தெரு இந்தப் பட்டியலில் எங்கே உட்காரும் என்று தெரியவில்லை. அங்கே எந்த இடத்தில் நிறுத்தினாலும் யாரோ ஒருவர் வாசல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 127-ஆம் பிரிவு. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியை இழுத்துச் செல்ல, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுவைச் செலவு ஓனர் தலையில். ஆக, ராத்திரி எட்டு மணிக்கு வந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் லாரி இந்தப் பத்து மணிக் கணக்கில் மாட்டாது. பதினைந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர் மாட்டுவார். அதுவும் மாட்டினால்தான். ஒரு டாரஸ் லாரியை இழுக்க வேண்டுமென்றால் கிரேன் வேண்டும். கிரேன் அந்தத் தெருவுக்குள் நுழைய இடம் வேண்டும். இடத்தைத்தான் லாரி அடைத்துக்கொண்டு நிற்கிறதே!

அபராதம்? பொதுவான தண்டனைப் பிரிவில் முன்பு முதல் தடவைக்கு 100 ரூபாய், மறுபடி செய்தால் 300. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 500, 1,500 என்று ஆனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தன. பொதுவழியை மறித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரை அபராதம் இருந்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதை 5,000 வரை ஏற்றிவிட்டார்கள். பாதையை மறிக்கும் தொல்லையை அகற்றச் சொல்லி ஆர்.டி.ஓ., அதாவது கோட்டாட்சியர், உத்தரவு போடவும் வழி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஊரில் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? ராத்திரி பத்து மணிக்கு பீட் போலீஸ் கிராமத்துச் சந்துக்குள் வந்து ஸ்பாட் ஃபைன் போட்டதாக நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

சமையல் கேஸ் டேங்கருக்கு மட்டும் தனியாக வெடிபொருள் துறையின் விதிகள் உண்டு. நெரிசலான இடத்திலும் நெருப்புக்குப் பக்கத்திலும் நிறுத்தக்கூடாது. விதி நியாயமானது. இறக்கிவிட்டு வந்த 'காலி' டேங்கரிலும் கேஸ் மிச்சம் இருக்கும் என்பதால் ரொம்பவே நியாயமானது. வரிசையாக அடுப்பு எரிகிற தெருவுக்கு அந்த வண்டி வரவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

*

மத்திய சட்டத்தை மூடிவிட்டு, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திறந்தேன். 1994-ல் வந்தது. அதில் ஒரு புதையல் கிடைத்தது. கிராம ஊராட்சி, வண்டிகள் நிற்பதற்கு இடம் ஏற்படுத்திக் கட்டணம் வாங்கலாம். ஆங்கில மூலத்தில் அதற்கு 'கார்ட் ஸ்டாண்ட்' என்று பெயர். நம் பாஷையில் வண்டிப்பேட்டை. மாட்டுவண்டிக் காலத்துச் சொல். ஆனால் அடைப்புக்குறிக்குள் மோட்டார் வாகனம் உட்பட எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வரிதான் முக்கியம். அப்படி ஒரு பேட்டை ஏற்படுத்தப்பட்டிருந்தால், அதிலிருந்து இன்ன தூரத்துக்குள் வேறு பொது இடத்திலோ ரோட்டோரத்திலோ அதே காரியத்துக்கு யாரும் நிறுத்தக்கூடாது என்று ஊராட்சி தடை போடலாம்.

கவனித்தீர்களா? முதலில் இடம் கொடு, பிறகு தடை போடு. இந்த வரியை எழுதியவர் யாரோ, விவரமானவர். மாடு பூட்டி, பாரம் ஏற்றி, பத்து மைல் நடந்து வந்தவனிடம் 'இங்கே நிறுத்தாதே' என்று மட்டும் சொல்லக்கூடாது, 'அங்கே நிறுத்து' என்றும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்திலும் 117-ஆம் பிரிவில் நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு 'தீர்மானிக்கலாம்'. 'லாம்' என்கிற இந்த இரண்டெழுத்தில்தான் எத்தனை கிராமங்கள் சிக்கிக்கொண்டிருக்கின்றன.

திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு டிரைவரிடம் இதைப் பேசினேன். முப்பது வயசு இருக்கும். மகாராஷ்டிராவுக்கு லோடு அடித்துவிட்டு முதல் நாள்தான் வந்திருந்தார். "பைபாஸ்ல ஓரமா போட்டுட்டு வீட்டுக்கு வரக்கூடாதா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க சார், நீங்களும் அதையேதான் சொல்றீங்க. வெடிஞ்சு போய்ப் பாத்தா பேட்டரி இருக்கோணுமே! டீசல் இருக்கோணுமே! மொதலாளிகிட்ட ஆரு பதில் சொல்றது? தெருவுல நின்னா பொழுதன்னைக்கும் ஒரு கண்ணு வண்டி மேலயே இருக்குமுங்க. நானும் ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குவேன்."

அவர் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது. டாங்க் நிறைய டீசல், இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் இருபதாயிரம் ரூபாய் அளவில் பத்து டயர், ஒரு ஸ்டெப்னி. டயரோ பேட்டரியோ மட்டும் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணம் வாங்குவது லேசில் நடக்காது. அதுவுமில்லாமல், பைபாஸ் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். வருடா வருடம் மத்திய அரசு வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில், நின்றுகொண்டிருந்த வண்டியில் மோதியவர்களுக்கென்றே தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். தெருவிலிருந்து துரத்தப்படும் லாரி அந்தக் கட்டத்தில் போய் நிற்குமென்றால், அந்தத் துரத்தலில் எனக்குச் சம்மதமில்லை.

அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி. தனியாக இருக்கிறார். அவர் வீட்டு வாசலில்தான் லாரி.

"அது லாரியா கண்ணு? செவுரு. காத்தால கதவத் தொறந்தா எதுத்தாப்புல செவுரு. போன மாசம் எனக்கு மூச்சு வாங்குச்சுன்னு நூத்தியெட்டுக்கு போன் பண்ணுனாங்க. வண்டி அந்த முக்குலயே நின்னுக்கிச்சு. ரெண்டு பசங்க என்னையச் சேர்ல உக்கார வெச்சுத் தூக்கிட்டுப் போனாங்க."

"டிரைவர்கிட்ட சொல்லலையா பாட்டி?"

"அவனும் நம்ம பையந்தான். சொல்லி என்ன பண்றது? எங்க கொண்டுபோய் நிறுத்துவான்?"

108 சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் வந்தது. கூப்பிட்டால் எத்தனை நிமிஷத்தில் வண்டி வருகிறது என்று அரசாங்கம் கணக்கு வைக்கிறது. தெரு முனையிலிருந்து கட்டில் வரைக்கும் ஆகிற நேரம் அந்தக் கணக்கில் வருமா என்று விசாரிக்க வேண்டும்.

பாட்டியின் பெருந்தன்மையை வைத்து இந்த விஷயத்தை முடித்துவிட முடியாது. ஏனென்றால் எல்லா லாரியும் 'நம்ம பையன்' ஓட்டுகிற லாரி இல்லை. நாலைந்து வண்டி வைத்திருக்கும் முதலாளிகளும் ஊரில் உண்டு. அவர்கள் லாரி அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதைப் பெரும்பாலும் நான் பார்த்ததில்லை. அங்கே கிரானைட் படி, கார், கோலம். லாரி எங்கே நிற்கிறது என்று தேடினால் ரேஷன் கடை முன்னால், நூலகத்து முன்னால், பள்ளிக்கூடச் சுவரையொட்டி, காலனிக்குத் திரும்புகிற முனையில். எதிர்த்துக் கேட்க ஆளில்லாத வாசலாகப் பார்த்து நிற்கிறது. அங்கே இருப்பவர் முதலாளியின் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவராக இருப்பார், அல்லது அவரிடம் கைமாத்து வாங்கியவராக இருப்பார். புகார் கொடுக்க அவருக்கு ஸ்டேஷனுக்கு வழி தெரியாமலில்லை. கொடுத்துவிட்டு அதே ஊரில் குடியிருக்க வேண்டுமே! சட்டத்தின் 'தேவையற்ற சிரமம்' யாருடைய சிரமம் என்பதை ஊரில் தீர்மானிப்பது இதுதான். எழுதப்பட்ட விதி தெளிவாக இல்லாத இடத்தில் எழுதப்படாத விதி வந்து உட்கார்ந்துவிடும். அதில் ஜெயிப்பவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

*

மற்ற நாட்டுக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளைக் குடியிருப்புப் பகுதிகளில் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறை நாட்களிலும், வழக்கமாக நிறுத்தி வைக்கக்கூடாது. எடை, நேரம், இடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில். 'தேவையற்ற சிரமம்' என்று இழுக்கவில்லை. 'வழக்கமாக' என்ற சொல்லையும் கவனியுங்கள். என்றைக்கோ ஒரு நாள் சாமான் இறக்க வந்தவனை அது பிடிப்பதில்லை.

ஜப்பான் 1962-லேயே இன்னும் ஒரு படி முன்னால் போய்விட்டது. வண்டி நிறுத்த இடமிருக்கிறது என்று காட்டினால்தான் பதிவு. இடம் 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரோட்டில் ஒரே இடத்தில் தொடர்ந்து 12 மணி நேரம், ராத்திரியில் 8 மணி நேரம் நிறுத்தினாலே குற்றம். (அங்கேயும் சில கிராமங்களுக்கு இடச் சான்றிதழில் விலக்கு உண்டு. நம்மைப்போலவே அவர்களும் கிராமத்தில் இடத்துக்கா பஞ்சம் என்று நினைத்தார்களோ என்னவோ.) சிங்கப்பூரில் கனரக வண்டி வைத்திருப்பவர் எந்த பார்க்கிங்கில் நிறுத்துகிறார் என்பதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது.

இதைச் சொன்னால், 'அவங்க பணக்கார நாடு சார்' என்று பதில் வரும். கேள்வி கேட்பதற்கு என்ன பணம் வேண்டும்? புது லாரிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம். பிரேக் பார்க்கிறார்கள், ஹெட்லைட் பார்க்கிறார்கள், ஒளிரும் ஸ்டிக்கர் பார்க்கிறார்கள். 'ராத்திரி எங்கேப்பா நிறுத்துறே?' என்று ஒரு கட்டம் அச்சடித்து நிரப்பச் சொல்லலாம். எந்தெந்த ஊரில் எத்தனை லாரி தெருவில் தூங்குகிறது என்ற கணக்காவது அரசாங்கத்தின் கையில் இருக்கும். அந்தக் கணக்கு இல்லாமல் எந்த ஊருக்குப் பேட்டை வேண்டும் என்று எப்படித் தெரியும்?

இனி வரவு செலவு. லாரி கட்டும் காலாண்டு வரி மாநில அரசுக்கு. டீசலில் எக்சைஸ் மத்திய அரசுக்கு, வாட் மாநில அரசுக்கு. டோல் நெடுஞ்சாலைக்காரர்களுக்கு. பிரீமியம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு. வட்டி ஃபைனான்ஸுக்கு. அந்த லாரி தூங்குகிற, அது உடைக்கிற சாக்கடை மூடியை மாற்றுகிற கிராம ஊராட்சிக்கு? அந்தப் பத்தியில் ஒரு கோடு. எங்கள் அப்பா காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். சைக்கிளிடம் காசு வாங்கிய உள்ளாட்சிக்கு டாரஸ் லாரியிடம் கேட்க வழியில்லை.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஊரில் முப்பது லாரி. மாதத்தில் சராசரியாக ஆறு ராத்திரி ஊரில் நிற்கும். ராத்திரிக்கு 50 ரூபாய் கட்டணம். மாத வரவு 9,000. செலவு: ராத்திரி வாட்ச்மேன் ஒருவருக்கு 12,000, கரண்ட்டுக்கும் கேமராவுக்கும் 1,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13,500. மாதம் 4,500 ரூபாய் துண்டு விழுகிறது. வருடத்துக்கு 54,000. பேட்டை லாபத்தில் ஓடும் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பாதீர்கள், ஓடாது. ஆனால் அந்த 54,000-ஐ முப்பது லாரிக்குப் பங்கு போட்டால் ஒரு வண்டிக்கு வருடம் 1,800 ரூபாய். ஒரு டயர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த லாரியிடம் வாங்குகிற வரியிலிருந்து மாநில அரசு இதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். தரை சமன் செய்ய, கம்பிவேலி போட ஒருமுறைச் செலவு தனி.

இடம்? ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கில் கை வைக்கக்கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் முதல் கண் அங்கேதான் போகும். மெயின் ரோட்டை ஒட்டி வேறு புறம்போக்கு இருந்தால் சரி. இல்லையென்றால் யாராவது தன் காட்டில் அரை ஏக்கரை ஒதுக்கி, ஊராட்சியிடம் லைசென்ஸ் வாங்கி நடத்தட்டும். பல ஊர்களில் பெட்ரோல் பங்க்காரர்கள் ஏற்கெனவே டீசல் போடுகிற வாடிக்கையாளர்களுக்கு ராத்திரி இடம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். எப்படியிருந்தாலும் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் இரண்டாவது வாரமே லாரி தெருவுக்குத் திரும்பிவிடும். வெளிச்சம் வேண்டும், ஒரு காவல் ஆள் வேண்டும், ஒரு கக்கூஸ் வேண்டும். அந்த டிரைவர் கேட்டது வேறென்ன? வண்டி மேல் ஒரு கண். அது தன் கண்ணாகத்தான் இருக்க வேண்டுமென்று அவர் சொல்லவில்லை.

பேட்டை வந்தபிறகு தடையைக் கறாராகப் போடலாம். அப்போது 500 ரூபாய் அபராதமும் அர்த்தமுள்ளதாகும், போலீஸுக்கும் சொல்வதற்கு ஒரு பதில் இருக்கும். முதலாளி லாரிக்கும் 'நம்ம பையன்' லாரிக்கும் ஒரே பலகை. பேட்டையே இல்லாமல் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து இரண்டு லாரியைத் துரத்தினால், அவை அடுத்த தெருவுக்குப் போகும். அங்கேயும் ஒரு பாட்டி இருப்பார்.

தமிழ்நாட்டில் 2022-லிருந்து கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது சொந்த ஊர் என்று ஒன்று இருக்கும், லீவில் போவீர்கள். இந்த ஆறு நாளில் ஒன்றில் ஊரில் இருந்தால் போய் உட்காருங்கள். 'தெருவில் லாரி நிறுத்தக்கூடாது' என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், கையைத் தூக்கிவிட்டு, அதற்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எந்த சர்வே நம்பரில் நிறுத்தலாம் என்று.